பழைய பேரிங்: மாட்டுவதா, மாற்றுவதா?

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். 'ஓவராயிலிங்' செய்ய வந்த சைக்கிளின் சக்கரத்தைக் கடைக்காரர் பிரிக்கிறார். நடுவிலிருந்து, 'பால்ரஸ்' என்று நாம் சொல்லும் எஃகுக் குண்டுகள் கறுத்த பிசினோடு உதிர்கின்றன. அவற்றை மண்ணெண்ணெயில் கழுவுகிறார். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கிறார். சில சமயம் எல்லாவற்றையும் அப்படியே திரும்பப் போடுகிறார். சில சமயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை எடுக்கிறார்.

எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்?

பந்தயக் காரைப் பராமரிக்கும் மெக்கானிக்கின் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது. சைக்கிளில் முடிவு தவறானால் சக்கரம் கரகரக்கும், அவ்வளவுதான். பந்தயக் காரிலோ, அதிவேகத்தில் சக்கரம் இறுகிவிடலாம், அல்லது கழன்றே ஓடிவிடலாம். ஓட்டுபவரின் உயிரும் வேடிக்கை பார்ப்பவர்களின் உயிரும் இந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. அதை எப்படி எடுப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சென்னையும் பந்தயக் கார்களும்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் ஃபார்முலா 4 கார்கள் இரவு விளக்கொளியில் ஓடியதை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனால் சென்னைக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று நகருக்கு வடக்கே சோழவரத்தில் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் 'ராஃப்தார்' என்ற மாணவர் குழு தானே பந்தயக் கார்களை வடிவமைத்துச் செய்கிறது. 2022 நவம்பரில் அக்குழு மின்சாரத்தில் ஓடும் தன் முதல் பந்தயக் காரை வெளியிட்டது.

சோழவரத்தில் ஓடிய கார்களில் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையிலேயே தயாரான குடும்பக் கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். அந்தக் காரின் முன்சக்கரத் தாங்கல் அமைப்பு எளியது, இலேசானது. ஆகவே இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் தன் சிறிய பந்தயக் கார்களிலும் அதை எடுத்தாண்டது. கடைக்குப் போய்வர வாங்கிய காரின் சக்கர மையமும் பந்தயக் காரின் சக்கர மையமும் ஒரே குடும்பம்! எனவே அதையே நம் பாடத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

வழுக்குவதும் உருளுவதும்

மாட்டு வண்டியின் சக்கரத்தில் பேரிங் கிடையாது. இரும்பு அச்சின்மேல் சக்கரத்தின் குடம் நேரடியாக வழுக்கிக்கொண்டு சுற்றும். உராய்வைக் குறைக்க 'வண்டி மை' என்ற மசகைப் பூசுவார்கள். விளக்கெண்ணெயோடு வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்வதும் உண்டு.

வழுக்குவதைவிட உருளுவது எளிது. கனமான பீரோவைத் தரையில் தள்ளிப் பாருங்கள். பிறகு அதன் அடியில் நான்கு உருட்டுக் கட்டைகளை வைத்துத் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு உடனே புரியும். அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே இந்த உருட்டுக் கட்டைகளைச் செய்து வைத்தால் அதுவே பேரிங். பாடநூல்களில் இதைத் 'தாங்கி' என்பார்கள்.

ஆனால் சக்கரத்துக்கு மேலிருந்து அழுத்தும் சுமை மட்டுமா வருகிறது? வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் விசை வருகிறது. இரண்டையும் ஒரே பேரிங் தாங்க, உருளைகளைக் கூம்பு வடிவில் செய்து சாய்வாக அடுக்கினார்கள். இதற்கு 1898-இல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹென்றி டிம்கென் என்ற அமெரிக்கர். அவர் குதிரை வண்டிகள் செய்து விற்றவர் என்பது சுவையான செய்தி.

ஹெரால்டு போன்ற காரின் முன்சக்கர மையத்தில் இத்தகைய பேரிங்குகள் இரண்டு, ஒன்றையொன்று எதிர்த்துப் பார்க்கும்படி இருக்கும். மெக்கானிக்குகள் வெளிவளையத்தைக் 'கப்' என்பார்கள். உருளைகளோடு கூடிய உள்வளையத்தைக் 'கோன்' என்பார்கள். உருளைகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும் தகட்டுக் கூட்டுக்குக் 'கேஜ்' என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் குடம் 'ஹப்'. அது சுற்றும் அச்சு 'ஸ்பிண்டில்'.

ஒரு சிறு கணக்கு

பந்தயக் கார் ஒன்று மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 50 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். அப்படியானால் சக்கரம் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 28 முறை சுற்றுகிறது.

இப்போது கார் வளைகிறது. வெளிப்பக்கத்துச் சக்கரத்தின் அடியில், தரையிலிருந்து பக்கவாட்டாக 200 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தாக்குகிறது என்று கொள்வோம். இந்த விசை பேரிங் இருக்கும் உயரத்தில் தாக்கவில்லை, 28 செ.மீ. கீழே தாக்குகிறது. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே உள்ள தூரம் 7 செ.மீ. தான். இது ஒரு நெம்புகோல் அல்லவா?

200 × 28 ÷ 7 = 800

ஆம்! 200 கிலோ தள்ளியது, பேரிங்கின்மேல் 800 கிலோவாக விழுகிறது.

உருளைப் பேரிங்கின் மீதுள்ள சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர்கள் லுண்ட்பெர்க்கும் பாம்கிரேனும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய கணக்குக்கு அடிப்படை. வீட்டுக் காரில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பேரிங், பந்தயக் காரில் விரைவில் ஓய்ந்துபோவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

கிரீஸ் என்பது என்ன?

கிரீஸ்தான் உராய்வைக் குறைக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அந்த வேலையைச் செய்வது கிரீஸுக்குள் இருக்கும் எண்ணெய். கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். மீதியில் முக்கியமானது ஒருவகைச் சோப்பு! சோப்பின் நுண்ணிய இழைகள் பின்னிப் பஞ்சுபோல் நின்று எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. உருளை அழுத்தும்போது எண்ணெய் கசிந்து உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் பரவுகிறது.

குளிக்கும் சோப்பு சோடியத்தால் ஆனது. சக்கரங்களுக்குப் பயன்படும் கிரீஸில் பெரும்பாலும் லித்தியம் சோப்பு இருக்கிறது. அதற்கு வேண்டிய கொழுப்பு அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! வண்டி மைக்குப் பயன்பட்ட அதே விளக்கெண்ணெய், ஹைட்ரஜனோடு வினைபுரிந்து உருமாறிப் பந்தயக் காரின் சக்கரத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த எண்ணெய்ப் படலத்தின் பருமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சாலைத் தூசியில் 20, 30 மைக்ரான் துகள்கள் சாதாரணம். அத்தகைய துகள் ஒன்று உள்ளே புகுந்தால், ஒரு மைக்ரான் படலம் அதை எப்படி மறைக்கும்? உருளையின் கீழ் அது நசுங்கும். எஃகின் மேல் பள்ளம் பதியும். அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து அழிவு தொடங்கும்.

எனவே ஒன்றை மனத்தில் வையுங்கள். கிரீஸ் மருந்தல்ல. கெட்டுப்போன பேரிங்கில் எவ்வளவு நல்ல கிரீஸை அப்பினாலும் அது குணமாகாது. சத்தம் சில நாள் அடங்கும். அதுதான் மேலும் ஆபத்து.

பிரித்தலும் கழுவுதலும்

காரை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்குகட்டையில் நிறுத்திய பிறகே வேலை தொடங்கும். மெக்கானிக் முதலில் எதையும் கழற்றமாட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு பிரேக் அமைப்பை விலக்கி, மூடி, ஸ்பிளிட் பின், காஸ்டில் நட், வாஷர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே சுத்தமான தாளின்மேல் வைப்பார். இடப்பக்கத்துப் பாகமும் வலப்பக்கத்துப் பாகமும் கலக்கக் கூடாது. ஒரு கப்பும் அதன் கோனும் சேர்ந்தே ஓடிப் பழகியவை. அந்த ஜோடியையும் பிரிக்கக் கூடாது.

பழைய கிரீஸைத் துடைத்து எறியுமுன் விரலில் தேய்த்துப் பார்ப்பார். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துக் காய்ந்திருந்தால் மிகையான சூடு. மின்னும் பொடி தெரிந்தால் உலோகமே உதிர்ந்திருக்கிறது.

பிறகு மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவுவார். அருகில் தீ கூடாது. கழுவியபின் நன்றாக உலர வேண்டும். மண்ணெண்ணெய் தங்கினால் புதுக் கிரீஸை இளக்கிவிடும். இங்கே பலர் ஒரு தவறு செய்வதுண்டு. காற்றுக் குழாயைப் பிடித்துக் கோனை விர்ரென்று சுழலவிடுவார்கள். எண்ணெய்ப் படலம் இல்லாமல் அத்தனை வேகத்தில் சுழன்றால் உருளையும் வளையமும் கீறிக்கொள்ளும். உருளை பிய்த்துக்கொண்டு பறந்து முகத்திலும் அடிக்கலாம்.

உலர்ந்த பேரிங்கை வெறுங்கையால் தொடுவதும் நல்லதல்ல. வியர்வையில் உப்பு இருக்கிறது. கடலோர நகரமான சென்னையின் ஈரக்காற்றில், விரல் ரேகை பதிந்த இடமே துருவாக மாறிவிடும்.

பேரிங்கைப் படிப்போம்

இனித்தான் முக்கியமான கட்டம். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். கப்பின் உட்புறத்தையும் ஒவ்வோர் உருளையையும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். என்னென்ன தெரியலாம்?

1. சீரான மெருகு, அல்லது எங்கும் ஒரே அளவான இலேசான சாம்பல் நிறம்: இது இயல்பான தேய்மானம்.

2. உருளும் திசையில் மெல்லிய கீறல்கள், மங்கிய தோற்றம்: தூசி புகுந்து அரைத்திருக்கிறது. சீல் சரியாக மூடவில்லை என்று பொருள்.

3. வைக்கோல் நிறம் அல்லது நீலம்: காய்ந்த எண்ணெயின் கறை துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத நிறம் எஃகு சூடேறியதால் வந்தது. அந்த எஃகு தன் கடினத்தை இழந்திருக்கலாம்.

4. உருளைகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள்: பாதையோரக் கட்டையில் சக்கரம் பலமாக மோதியிருக்கலாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1930-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ரயிலில் அனுப்பிய புத்தம் புதுக் கார்களின் பேரிங்குகளில் இத்தகைய பள்ளங்கள் காணப்பட்டன. ஓடாத காரில் பள்ளம் எப்படி வந்தது? சக்கரம் சுற்றாமல் ரயிலின் அதிர்வில் நின்ற இடத்திலேயே நடுங்கியதால், உருளைகளின் அடியிலிருந்து எண்ணெய் விலகி, உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது! சென்னையிலிருந்து கோயம்புத்தூர்ப் பந்தயப் பாதைக்கு லாரியில் போகும் காருக்கும் இந்த ஆபத்து உண்டு.

5. செதில் செதிலாகப் பெயர்ந்த இடம்: எஃகு களைத்துவிட்டது.

6. துடைத்தாலும் போகாத துருக் குழிகள், நெளிந்த கேஜ்: தண்ணீர் அல்லது முரட்டுக் கை.

கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் பால்பாயிண்ட் பேனாவின் முனையை அந்த இடத்தின்மேல் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். முனை தடுக்கினால் அந்தக் குழி உருளையையும் தடுக்கும்.

முதல் வகையைத் தவிர வேறெது தெரிந்தாலும் பந்தயக் காருக்கு அந்தப் பேரிங் ஆகாது. கப், கோன் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கப்பை ஹப்பில் இறுக்கிப் பொருத்துவதற்குக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வைப்பதுண்டு. 45 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 30 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 0.026 மி.மீ. சுருங்கும். அந்தச் சிறு சுருக்கமே போதும், கப் எளிதாக இறங்க. மரச்சுத்தியலோ பித்தளைத் துண்டோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டும்போது ஒலி மந்தமாக இருக்கும். கப் அடியில் போய் உட்கார்ந்ததும் ஒலி கணீரென்று மாறும். காதும் ஒரு கருவிதான்!

கண்ணுக்குத் தெரியாத களைப்பு

எல்லாம் பளபளவென்று இருக்கிறது, மாட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறது. உருளை அழுத்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் பேரிங்கின் எஃகும் அப்படியே அழுந்தி மீள்கிறது. நறுக்குவிசை மிக அதிகமாக இருப்பது மேற்பரப்பில் அல்ல. அதற்குச் சற்றுக் கீழே. சுத்தமாக ஓடிய பேரிங்கிலும் நுண்ணிய விரிசல் அங்கே உள்ளுக்குள் தொடங்கி, நாளடைவில் மேலே வந்து செதிலாகப் பெயர்கிறது. அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது.

அப்படியானால் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. பேரிங்கின் வரலாறும் தெரிய வேண்டும். எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய வாகன உதிரிபாகங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கண்ணாடிபோல் மின்னும் பேரிங்கும் கிடைக்கலாம். தள்ளுவண்டிக்கு அது தாராளமாகப் போதும். பந்தயக் காருக்குப் போதாது. ஏனென்றால் அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை மோதியது என்று சொல்ல யாரும் இல்லை.

இதனால்தான் நல்ல பந்தயக் குழுவின் கருவிப் பெட்டியில் ஒரு குறிப்பேடும் இருக்கும். எந்தச் சக்கரத்தில் எந்தப் பேரிங், மாட்டிய நாள், ஓடிய தூரம், மழையில் ஓடியதா, எங்கே மோதியது, பழைய கிரீஸ் என்ன நிறம் என்று அதில் எழுதுவார்கள். குறித்த தூரம் முடிந்ததும், பேரிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். கண் ஏமாறலாம், குறிப்பேடு ஏமாறாது.

கிரீஸ் ஏற்றுதலும் நட்டை முடுக்குதலும்

தேறிய பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றும் முறை எளியது. இடது உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால், உருளைகளின் நடுவே ஏறி மறுபக்கம் பிதுங்கும். சுற்றிலும் இப்படிச் செய்ய வேண்டும். மேலே பூசுவது மட்டும் போதாது.

ஹப்பின் உள்வெளியை முழுவதும் கிரீஸால் அடைத்துவிட்டால் நல்லதுதானே? இல்லை. அத்தனை கிரீஸையும் கடைவதிலேயே சூடு பிறக்கும்; சூட்டில் இளகிப் பிரேக்கின்மேல் வழியும். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நிரப்பினால் போதும். சாதாரண லித்தியம் கிரீஸ் 180, 190 டிகிரி செல்சியசை நெருங்கும்போது உருகி ஒழுகத் தொடங்கும். பந்தயத்தில் பிரேக் தட்டின் சூடு ஹப்புக்கும் பரவுவதால், மேலும் சூடு தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸை விரும்புவார்கள். இருவேறு கிரீஸ்களைக் கலக்கக் கூடாது; ஒன்றின் சோப்பு மற்றதன் பின்னலைக் குலைத்துவிடலாம். ஆயில் சீலைப் பழையதாக மாட்டுவதே இல்லை.

கடைசியாகக் காஸ்டில் நட். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்க வேண்டும். அப்போதுதான் உருளைகள் தம் இடத்தில் ஒழுங்காக உட்காரும். பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, பின்னுக்கான துளை நேராகும்வரை சற்றே பின்வாங்க வேண்டும். சக்கரம் முன்பின்னாக 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரை அசைய இடம் விடுவது பொதுவான வழக்கம். சரியான அளவை அந்தந்தக் காரின் கையேடு சொல்லும். நீங்கள் எழுதும் தாளின் பருமனே ஏறத்தாழ 0.1 மி.மீ. தான்!

இந்த அசைவு எதற்கு? ஓடும்போது உருளைகளும் உள்வளையமும் சூடேறி விரியும். இடமே இல்லாவிட்டால் விரிவு அழுத்தமாக மாறும். அழுத்தம் மேலும் சூட்டைத் தரும். சூடு மேலும் விரிவைத் தரும். முடிவில் பேரிங் இறுகிவிடும். அதிகமாக விட்டாலோ சுமை எல்லா உருளைகளுக்கும் சமமாகப் பங்காகாது.

நட்டு அவிழாமல் காப்பது பத்துக் காசு கனமுள்ள ஸ்பிளிட் பின். உருவத்தைக் கண்டு யாரையும் இகழக் கூடாது என்று சொல்ல வந்த திருவள்ளுவர், பெரிய தேரின் அச்சாணியையே உவமையாகக் காட்டினார். பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவது அந்த அச்சாணியை இகழ்வதற்குச் சமம்.

சுரங்கப்பாதைத் தண்ணீர்

மழைநாளில் தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது நமக்குப் புதிதல்ல. வெகுதூரம் ஓடி ஹப் 80 டிகிரி சூட்டில் இருக்கும் கார் அந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று 27 டிகிரிக்குக் குளிர்கிறது. கெல்வின் அளவில் 353-லிருந்து 300. சார்லஸ் விதிப்படி, அழுத்தம் மாறாமலிருக்க அந்தக் காற்று 100 பங்கிலிருந்து 85 பங்காகச் சுருங்க வேண்டும். அந்த இடத்தை நிரப்ப, தேய்ந்த சீலின் வழியே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. மழைப் பந்தயம் முடிந்த காரின் ஹப்பைப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

இன்றைய பல கார்களில் பேரிங்கும் ஹப்பும் சேர்ந்து மூடிய ஒரே தொகுதியாக வருகின்றன. அவற்றைப் பிரித்துக் கிரீஸ் வைக்க முடியாது. கெட்டால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். பிரிக்கக்கூடிய பழைய வகை நமக்குத் தருவது ஒரு வாய்ப்பு: உள்ளே பார்த்து, காரணம் கண்டு, முடிவெடுக்கும் வாய்ப்பு.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் உதவியோடு உங்கள் சைக்கிளின் முன்சக்கர ஹப்பைப் பிரியுங்கள். குண்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோனின் மேல் குண்டுகள் ஓடிய தடத்தைப் பேனா முனையால் சோதியுங்கள். நீங்கள் கண்டதையும், மாட்டுவதா மாற்றுவதா என்ற முடிவையும், அதற்கான காரணத்தையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் மீண்டும் பிரித்து ஒப்பிடுங்கள்.

விடை காணுங்கள்

1. கணக்கில் காட்டிய காரில் பேரிங்குகளின் இடைவெளி 7 செ.மீ.-க்குப் பதில் 10 செ.மீ. ஆனால் பேரிங்கின்மேல் விழும் சுமை எவ்வளவு?

2. இரண்டு பேரிங்குகள் உங்கள் முன் இருக்கின்றன. ஒன்று மின்னுகிறது, வரலாறு தெரியாது. மற்றது சற்று மங்கல், ஆனால் சீரான நிறம். குறிப்பேட்டின்படி பாதி தூரமே ஓடியது. எதை மாட்டுவீர்கள்? ஏன்?